காய்ந்த துண்டு

இருபத்துநான்கு மணி நேரம் பலகை தண்ணீரில் கிடக்க வேண்டும். பிறகு எடுத்து, ஈரத்தைத் துடைத்து, எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

உள்ளங்கை அளவு எம்.டி.எஃப். துண்டு. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்கிற பலகை. அலமாரிக்கு முதுகு அடிக்க வாங்குவார்கள். தண்ணீரில் மிதக்கும். மிதக்கக் கூடாது என்று கடைப் பசை டப்பா ஒன்றை அதன்மேல் வைத்து, நீல வாளியை நிரப்பினேன்.

ஜானட் அக்கா குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வரை குளிக்கதுக்கு எது?"

"சின்ன வாளி இருக்குல்லா."

"அது கால் கழுவுத வாளி. நல்ல படிப்பு படிச்சட்டி. பலகைய ஊறப்போட ஒரு பட்டம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். துண்டின் ஓரத்திலிருந்து சின்னக் குமிழிகள் மேலே வந்தன.

சோதனையைச் செய்யச் சொன்னது எபினேசர் அத்தான். அக்காவின் கணவர். வண்ணாரப்பேட்டையில் பிளைவுட் கடை வைத்திருக்கிறார், மாதவரத்தில் குடோன். கல்லூரிக்காகத் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்த நான் விம்கோ நகரில் அவர்கள் வீட்டில் தங்கினேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்த பிறகும் அங்கேயே இருந்தேன்.

முடித்த மாதம் அத்தான் என் ஆதாரையும் பான் கார்டையும் கேட்டார்.

"ஒரு கையெழுத்துதான் பிள்ள. நம்ம வீட்டுக்குள்ள உள்ளது."

வெளிநாட்டுச் சரக்கு இறக்க அரசாங்கம் தருகிற ஓர் எண் வேண்டும். அத்தான் பெயரில் இருந்த எண் ஒரு பழைய வழக்கில் முடங்கிக் கிடந்தது. அக்கா பெயரில் வாங்கினால் யார் என்று உடனே தெரிந்துவிடும். என்னை யாருக்கும் தெரியாது. ஜெனி இம்பெக்ஸ். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருந்தது. என் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று போட்டிருந்தது. ஸ்டாம்ப் அத்தானின் மேசை டிராயரில் இருக்கும். நான் அவர் கடையில் பில் போட்டேன். முதலில் எனக்கு அது பிடித்தும் இருந்தது. என் பெயரில் ஏதோ ஒன்று கடலில் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வந்தது வியட்நாம் பலகை. எங்கள் சரக்கு வந்த நேரத்தில் நிலைமை இப்படி: பலகை ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் வழக்கமான வரி. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கு மேல் இன்னொரு வரி. மலிவாக வந்து குவிந்து உள்ளூர் ஆலைகளை மூட வைக்கிற சரக்குக்குப் போடுகிற வரி. துறைமுகத்தில் எல்லாரும் அதை ஆன்ட்டி டம்பிங் என்பார்கள். அதைக் கட்டினால் அத்தானுக்குக் கட்டாது. எங்கள் பில்லில் ஐந்தரை என்று இருந்தது.

கண்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து யார்டுக்குக் கொண்டுவந்து, அங்கேதான் சுங்க அதிகாரிகள் திறந்து பார்ப்பார்கள். எங்கள் யார்டு எர்ணாவூர் பாலம் தாண்டி மணலி போகிற வழியில். திறக்கிற அன்று உரிமையாளர் வரட்டும் என்றார்கள். அதனால் நான் போனேன். கூட ஏஜென்ட் ஆபீஸ் பரசுராமன். சுங்கக் காகிதம் முழுக்க அவர்தான் பார்ப்பார். வியாசர்பாடிக்காரர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

"வா மொதலாளி. உன் சரக்க நீயே பாத்துக்க. ஃபாரின் காத்து உள்ள அப்டியே கீது."

கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு. மூன்று வருடம் ஆய்வகத்தில் முகர்ந்த வாசனைதான், ஆனால் இங்கே ஒரு கண்டெய்னர் நிறைய. கதவின் ரப்பர் கிழிந்து, ஓரத்துக் கட்டுகளில் ஈரம் ஏறியிருந்தது.

சுங்கத்துறை சூப்பரின்டென்டென்ட் ராமசெல்வி, கதவோரப் பலகையைத் தானே அளந்தார். ஆறைத் தாண்டிக் காட்டியது.

"அஞ்சரைன்னு போட்டிருக்கீங்க?"

"மேடம், அது ஈரம்," என்றார் பரசுராமன். "கப்பல்ல வரச்சொல்லோ ஓரம் ஊதிக்கிச்சு. உள்ள போனா சோக்கா கீது சரக்கு."

"அப்ப உள்ள இருக்கறதையும் பாத்துடலாம். நாளைக்கு முழுசா இறக்குங்க."

கதவோரப் பலகையில் இரண்டு துண்டு வெட்டி, அரக்கு வைத்து லேபுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தபோது பரசுராமன் கட்டுகளின் மேல் ஏறி, தவழ்ந்து, பின்னால் காய்ந்திருந்த கட்டிலிருந்து ஒரு மூலையை உடைத்துக்கொண்டு வந்தார். செய்தித்தாளில் சுற்றி என் பையில் போட்டார். சட்டப்படி வரி கட்டாத சரக்கில் ஒரு சிராய் வெளியே போகக் கூடாது. ஆனால் வாங்குகிறவனுக்குக் காட்ட ஒரு துண்டு உடைக்காமல் யார்டிலிருந்து யாரும் வெளியே போவதில்லை. காவலுக்கு நிற்பவர்களும் அப்போது வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மறுநாள் காலை ராயபுரத்திலிருந்து ஹுமாயூன் பாய் கடைக்கு வந்தார். அலமாரிப் பட்டறை வைத்திருக்கிறார். போன முறை எங்களிடம் வாங்கிய பலகையில் அலமாரியின் முதுகு வளைகிறது என்று பாதியைத் திருப்பி அனுப்பியவர். அத்தான் துண்டைக் கொடுத்தார். அவர் விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எபினேசர், இந்தவாட்டி ஏமாத்தல நீ. மொத்தமும் எனக்கு."

அத்தான் என்னைப் பார்க்காமல் டீ சொல்லிவிட்டார்.

மழை முந்தின இரவே தொடங்கியிருந்தது. நான்கு நாள் நிற்கவில்லை. கண்டெய்னரை முழுசாக இறக்குவது தள்ளிப்போனது. யார்டில் ஆள் மூழ்கும் தண்ணீர். எங்கள் கண்டெய்னர் அடி வரிசையில் இருந்தது. மேலே இரண்டு கண்டெய்னர். தண்ணீர் வடிந்து, மேலிருந்தவற்றை நகர்த்தித் திறந்தபோது உள்ளே ஒரு பலகை கூடப் பலகையாக இல்லை. எல்லாம் ஊதி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக நின்றது. லேபிலிருந்தும் பதில் வந்தது. கொடுத்த துண்டு ஈரத்தில் பருத்திருக்கிறது, பருப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று சொல்ல இயலாது.

அத்தான் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் சோற்றுக்கு முன்னால் ஜெபத்தை நீட்டிச் சொன்னார். சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது.

"ஆண்டவரு மழைய அனுப்பினாரு," என்று அக்காவிடம் சொன்னார். "இனி எவன் வந்து என்னத்த அளப்பான்?"

ராமசெல்வி விடவில்லை. உரிமையாளர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும் என்று சம்மன் அனுப்பினார். வியாழக்கிழமை, காலை. அத்தான் அந்தத் துண்டை நினைவு வைத்திருந்தார். ஹுமாயூன் பாய் மேசையிலேயே விட்டுப்போயிருந்தார். அதையும், கடையில் பலகைத் தடிமன் அளக்கிற வெர்னியரையும் என்னிடம் தந்தார்.

"முன்னால அஞ்சரைன்னு எழுதிக்க. பொறவு ஊறப்போட்டு, எவ்வளவு ஊதுதுன்னு அளந்து எழுது. போட்டோ எடுத்துக்க. நீ கெமிஸ்ட்ரி. நீ எழுதிக் குடுத்தா அந்த அம்மா நம்புவா."

"சரி அத்தான்."

நான் முதலில் காய்ந்த துண்டை அளந்தேன். சந்தேகத்தால் இல்லை. ஆய்வகத்தில் அப்படித்தான் செய்வோம். ஊறப்போடுமுன் அளக்காதவளை எங்கள் ஆசிரியை வெளியே அனுப்பிவிடுவார். வெர்னியரில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மீச்சிற்றளவு 0.02. உடைந்த ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, மனதிலேயே சராசரி எடுத்தேன். ஐந்து இடத்திலும் இன்னொரு முறை அளந்தேன். பிறகு தாளில் 'சோதனைக்கு முன்: 5.5 மி.மீ.' என்று எழுதிவிட்டு, துண்டை வாளியில் போட்டேன்.

போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சரக்கில் காய்ந்திருந்த கடைசித் துண்டு அது. இனி யாராலும் அளக்க முடியாது. அந்த எண் என்னிடம் மட்டும் இருந்தது.

அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கடையிலும் வீட்டிலும் என்னோடு வழக்கத்தைவிட அதிகம் பேசினார். ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்தார், தூத்துக்குடியிலிருந்து யாரோ கொண்டுவந்தது. எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் துண்டை எடுத்தபோது அக்கா கூட இருந்தாள். துண்டு ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. துடைத்து, முன்பு போலவே ஐந்து இடத்தில் அளந்தேன். 7.28. எழுதினேன். அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"முன்னால அளந்தியா ஜெனி?"

நான் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பழுப்புத் தண்ணீர். கண் எரிந்தது.

"அளந்திருப்ப. நீ அளக்காம இருக்க மாட்ட." அவள் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள். "என்ன வந்துச்சோ அது உன் வயித்துலயே கெடக்கட்டும். எங்கிட்டயும் சொல்லாத."

"அக்கா, என் பேருல்லா அதுல இருக்கு."

"அவுக பேருல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு. இன்னொண்ணு வந்தா உள்ள வச்சிருவானுவ. உனக்கு என்னட்டி? பச்சப் பிள்ள, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொன்னா விட்டுருவாங்க."

"பொய்னு தெரிஞ்சா விட மாட்டாங்க."

"யாருக்குத் தெரியும்?"

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். ஐந்தரை என்று சொன்னால், பொய் என் பெயரில். உண்மையைச் சொன்னால், குறைத்துக் காட்டிய குற்றம் என் பெயரில். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஜெனி இம்பெக்ஸ் உட்கார்ந்திருந்தது. எண்ணூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அவர்கள் கேட்டிருந்தது ஒரே ஒரு உறுதிமொழி, என்மேல் எந்த வழக்கும் இல்லை என்று. அதை இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. பக்கத்து அறையில் அத்தான் இருமினார். இந்த வீட்டில் என் படுக்கை எது, தட்டு எது என்று எல்லாம் இருந்தது. சாவி மட்டும் இல்லை. கேட்டதும் இல்லை.

வியாழக்கிழமை பரசுராமன் ஆட்டோ கொண்டுவந்தார். அத்தான் முன்னால் பைக்கில் போய்விட்டார். எர்ணாவூர் பாலத்துக்கு முன்பே வண்டி நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் சுவர். ஆட்டோவிலிருந்து பார்த்தால் வானமே தெரியவில்லை, நெளிநெளியான சிவப்புத் தகரம்தான். டிரைவர்கள் கீழே இறங்கிச் சக்கரத்து நிழலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மொதலாளி, மூஞ்சி வெளுத்துக் கீது? டீ சாப்டறியா?"

"வேணாண்ணா."

"பயப்படாத. ரொம்ப சிம்பிள் மேட்டரு. அந்தம்மா இன்னா கேட்டாலும் ஒரே வார்த்த. மழ."

"மழை."

"பலக ஏன் தடிச்சிருக்கு? மழ. பில்லு ஏன் அப்டி? மழ. உன் பேரு இன்னா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"அதுக்கு மட்டும் ஜெனின்னு சொல்லு." அவரே பெரிதாகச் சிரித்தார். ஆட்டோ டிரைவரும் சிரித்தார். "நான் இந்த லைன்ல எத்தினி பேரப் பாத்துக்கீறேன். பெரிய பெரிய பார்ட்டிங்கலாம் உள்ள போய் ஒளறிட்டு வருவானுங்க. ஏன் தெரியுமா? கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுவானுங்க. நீ பேசவே மாட்ட. உன்ன மாதிரி ஆளுதான் இதுக்குக் கரெக்டு. உங்க அத்தான் சும்மாவா உன் பேர்ல எடுத்தாரு?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். என் காது சூடானது. அத்தான் தேர்ந்தெடுத்தது என் பட்டத்தை இல்லை. என் பேசாத வாயை.

"பரசுராமண்ணா, அந்தத் துண்டு நீங்க உடைச்சப்ப..."

"எந்தத் துண்டு?"

"பின்னாலேர்ந்து."

அவர் முகம் ஒரு கணம் கல்லானது. "மொதலாளி, நான் எந்தத் துண்டும் ஒடைக்கல. எனக்கும் வூடு கீது, பொண்ணு காலேஜ் போய்க்கினு கீது. அந்தத் துண்டு வியட்நாம்லேர்ந்து கூரியர்ல வந்த சாம்பிள். தெரிஞ்சிக்கினியா?"

"ம்."

"கூரியரு. மழ. ரெண்டே வார்த்த."

முன்னால் இருந்த டிரெய்லர் இரண்டடி நகர்ந்தது. ஆட்டோவும் இரண்டடி நகர்ந்து, மறுபடி அதே தகரத்தின் முன் நின்றது.

யார்டில் அத்தான் வேட்டி மாற்றி, பேண்ட் சட்டையில், தலை வாரி நின்றுகொண்டிருந்தார். எங்கள் கண்டெய்னரை ஓரமாகத் திறந்து வைத்திருந்தார்கள். பலகைகள் வாசல் வரை பிதுங்கியிருந்தன. ஃபோர்க்லிஃப்ட்டின் கரத்தை நுழைக்க இடமில்லை. உள்ளே போன எதையும் அது இனி வெளியே விடாது போலிருந்தது.

அத்தான் என் தோளில் கை வைத்தார். இதற்கு முன் வைத்ததில்லை.

"நான் பக்கத்துலதான் இருப்பேன். பயப்படாத. நீ திணறினா நான் எடுத்துக் குடுக்கேன்."

ராமசெல்வியின் அறை மாடியில். ஏசி ஓடியது. ஒரு மேசை, கணினியில் தட்டச்சு செய்ய ஓர் ஊழியர், எதிரே இரண்டு நாற்காலி. நான் உட்கார்ந்தேன். அத்தான் இன்னொரு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"நீங்க யாரு சார்?" என்றார் ராமசெல்வி.

"நான்... பிள்ளையோட அத்தான் மேடம். அக்கா வீட்டுக்காரரு."

"கம்பெனியில பார்ட்னரா?"

"இல்ல மேடம்."

"மேனேஜர்? அக்கவுண்டன்ட்? ஏதாவது ஆதரைசேஷன் லெட்டர் இருக்கா?"

அத்தான் என்னைப் பார்த்தார். எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வரக் கூடாது என்று அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். கூரியர் ரசீதில் கூட என் பெயர்தான் போடுவார்.

"இல்ல மேடம். சும்மா துணைக்கு."

"அப்ப வெளிய உக்காருங்க. இங்க கம்பெனிக்காரங்க மட்டும்தான். துணைக்கு நான் இருக்கேன், நானும் பொம்பளதான்."

"பிள்ள கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம், பேசாது..."

"பேசுவாங்க. நீங்க கதவைச் சாத்திட்டுப் போங்க."

அத்தான் கதவைச் சாத்தினார். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதில் அவர் சட்டையின் தோள் தெரிந்தது. அவரால் எங்களைப் பார்க்க முடியும், கேட்க முடியாது. கம்பெனி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, அவர் பக்கத்தில் இல்லாத ஓர் அறையில் என் கம்பெனியைப் பற்றி என்னிடம் கேட்கப் போகிறார்கள்.

ராமசெல்வி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. இங்க சொல்றது கோர்ட்டுல சொல்ற மாதிரி. யாரும் அடிக்கப் போறதில்ல, மிரட்டப் போறதில்ல. ஆனா பொய் சொன்னா அதுக்குத் தனியா கேஸ். உங்க பேரு?"

"ஜெனி."

"சத்தமா. அவருக்குக் கேக்கணும்."

ஊழியர் காதைக் காட்டிச் சிரித்தார். "ஏசி சத்தம்மா."

"ஜெனி."

படிப்பு, முகவரி, எவ்வளவு நாளாகக் கம்பெனி. சொன்னேன். விசைப்பலகை என்னைவிட வேகமாகப் பேசியது. சரக்கை யார் ஆர்டர் செய்தது என்று கேட்டார். "கம்பெனி" என்றேன். அவர் அதை அப்படியே அடிக்கச் சொன்னார்.

பிறகு நான் கொண்டுவந்து கொடுத்த சோதனைத் தாளை எடுத்தார். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீல வாளி, பசை டப்பா, உப்பிய துண்டு.

"இத நீங்களே செஞ்சீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லா செஞ்சிருக்கீங்க. எங்க லேபுல கூட இப்படி எடை வைக்க மாட்டாங்க." உண்மையாகவே பாராட்டினார். "இந்தத் துண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

கூரியர். நாக்கு வரை வந்தது. கண்ணாடிச் சதுரத்தில் தோள் அசைந்தது.

"எங்க கண்டெய்னர்லேர்ந்து. முதல் நாள். பின்னால இருந்த கட்டுலேர்ந்து."

அவர் நிமிர்ந்தார். யார் உடைத்தது என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"அப்ப மழைக்கு முன்னாடி எடுத்தது. காஞ்ச துண்டு."

"ஆமா."

"அப்படின்னா இது ஒண்ணுதாம்மா சாட்சி. இப்ப கீழ இருக்கறத வச்சு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." தாளை என் பக்கம் திருப்பினார். பேனா முனையால் தொட்டார். "ஊறின பிறகு 7.28. இத எத்தன இடத்துல அளந்தீங்க?"

"அஞ்சு இடத்துல. சராசரி."

"ஊறப்போடறதுக்கு முன்னாடி?"

"அஞ்சு இடத்துல."

"அப்பவும் அளந்தீங்க."

"அளந்தேன்."

"அஞ்சு இடத்துலயும் சரியா அஞ்சரையேவா?"

நான் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 5.5. அது அளந்து வந்த எண் இல்லை. எனக்குச் சொல்லி வந்த எண். அதன் பக்கத்தில் 7.28 இருந்தது. அதற்கு ஒரு வெர்னியர் இருந்தது, ஒரு வாளி இருந்தது, ஐந்து இடம் இருந்தது. 5.5க்கு எதுவும் இல்லை. ஒரு மக்ரூன் பொட்டலம் இருந்தது.

'மழை' என்று சொல்லலாம். பரசுராமன் சொன்ன ஒரே வார்த்தை. ஆனால் ராமசெல்வி மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

சொன்னால் இன்றிரவு எந்த வீட்டுக்குப் போவது? அக்கா கதவைத் திறப்பாளா? சொல்லாவிட்டால் அக்கா கதவைத் திறப்பாள், சோறு போடுவாள், அத்தான் ஜெபம் சொல்வார், அடுத்த கண்டெய்னர் என் பெயரில் கடலில் வந்துகொண்டிருக்கும். அதற்கு அடுத்ததும்.

"இல்ல மேடம்," என்றேன்.

"என்னம்மா?"

"அஞ்சரை இல்ல."

"கேக்கல மேடம்," என்றார் ஊழியர், விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி.

"ஜெனி, சத்தமா சொல்லுங்க. நான் சொல்லித் தர முடியாது. நீங்கதான் சொல்லணும்."

கண்ணாடியில் இப்போது தோள் இல்லை. அத்தானின் முகம் இருந்தது. என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் கை தூக்காமல் இருந்த அத்தனை நாளும் எனக்கு இந்தத் தொண்டைதான் இருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். கதவுக்கு வெளியேயும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"காஞ்ச துண்டு ஆறு புள்ளி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இருந்துச்சு மேடம்."